எனக்கு வழி தெரியும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மார்னிக்ஸ் தன் வீட்டு முன்னறையில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரே சதுக்கத்தில் சைக்கிள் கிளப் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாதா கோயில் சுவரில் சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. ஆட்கள் மதுக்கடை வாசலில் நின்று காபி குடித்தார்கள். பெடலில் மாட்டுவதற்காக அடியில் கட்டை பதித்த அவர்களுடைய காலணிகள் கல்தரையில் டக்டக்கென்று அடித்தன. அந்தச் சத்தம் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தது.

இருபத்திரண்டு வருடமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றவன் அவன். அதில் பதினைந்து வருடம் கேப்டன். எந்தப் பாதையில் போவது, எங்கே திரும்புவது, யார் முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்குவது எல்லாம் அவன் வைத்ததுதான் சட்டம். இப்போது அந்த இடத்தில் ஸ்டேன் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். முப்பத்தெட்டு வயது. காற்றில் கூட்டத்தை எப்படி அடுக்குவது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே மார்னிக்ஸ்தான்.

"திரையை விலக்கிட்டே பாரேன். நீ இங்க நிக்கறது ஊருக்கே தெரியும்" என்றாள் ஹில்டா, சமையலறையிலிருந்து.

"மழை வருமான்னு பாத்தேன்."

"மழை மேலேருந்து வரும். நீ சதுக்கத்தைப் பாக்கற."

பெல்ஜியத்தின் அந்த மூலையில், அதிலும் ஓஸ்ட்பேக் கிராமத்து ஆண்களுக்கு, காற்றைப் பற்றியும் டயரைப் பற்றியும் பொழுது சாயும்வரை பேச வரும். தன்னைப் பற்றி ஒரு வரி பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மார்னிக்ஸ் கராஜுக்குப் போனான். அங்கே அவனுடைய சைக்கிள், பின்சக்கரம் ஓர் இரும்புத் தாங்கியில் மாட்டப்பட்டு, சுவரைப் பார்த்து நின்றது. ஏறி மிதிக்கத் தொடங்கினான். எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சுவர் அதே இடத்தில்தான் இருந்தது.

ஏப்ரலில் அவனுக்கு மாரடைப்பு வந்தது. கம்பள ஆலையில் தறி மெக்கானிக் வேலை. தறிக்கு அடியில் படுத்திருந்தவனை நான்கு பேர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னாள்: "சைக்கிள் ஓட்டுங்க. ஆனா தனியா வேண்டாம், கூட ஆளுங்க இருக்கணும். பேசிக்கிட்டே ஓட்ட முடியற வேகம்தான் உங்க வேகம். பேச்சு நின்னுச்சுன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." மார்னிக்ஸ் காதில் முதல் இரண்டு வார்த்தைதான் விழுந்தது.

ஆகஸ்டில் பழைய கூட்டத்தோடு கிளம்பிப் போனான். ஆற்றங்கரைப் பாதையில் பதினோராவது கிலோமீட்டரில் கால் நின்றுவிட்டது. முன்னால் இருப்பவனின் சக்கரத்துக்கும் தன் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம் விட்டது. பிறகு ஒரு சைக்கிள் நீளம், பிறகு ஒரு வீட்டு நீளம். முன்னால் போகிறவன் காற்றை உடைத்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவனுக்கு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அந்த மறைவு போய்விட்டால் அவ்வளவுதான், கடலிலிருந்து வரும் காற்று முழுவதும் நெஞ்சில் வந்து மோதும்.

ஸ்டேன் திரும்பிப் பார்த்தான். "மார்னிக்ஸ், வழி தெரியுமில்ல?"

"போங்க, போங்க. எனக்கு வழி தெரியும்."

போய்விட்டார்கள். அதில் ஸ்டேனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் மார்னிக்ஸே தன் கைப்பட எழுதி மதுக்கடைச் சுவரில் குத்திவைத்த காகிதம் அப்படித்தான் சொன்னது: 'சராசரி வேகம் முப்பதுக்குக் குறையாது. முடியாதவர்கள் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளவும். எல்லோருக்கும் வீட்டுக்கு வழி தெரியும்.' அன்றிலிருந்து பின்தங்குகிறவன் கையைத் தூக்கி அந்த வார்த்தையைச் சொல்வதும், மற்றவர்கள் அதை நம்பிப் போவதும் அந்தக் கிளப்பின் மரியாதை ஆகிவிட்டது. சொல்லாமல் நிற்பவன்தான் மானங்கெட்டவன்.

அன்று நாற்பது நிமிடம் தனியாக மிதித்து வீடு வந்தான். சாயங்காலம் யாராவது போன் செய்வார்கள் என்று பார்த்தான். யாரும் செய்யவில்லை. அதற்குப் பிறகுதான் கராஜ்.

அக்டோபரில் கெண்ட் நகரத்து ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"எடை ஆறு கிலோ கூடியிருக்கு. பிரஷர் ஏப்ரலைவிட மோசம். தூங்கறீங்களா?"

"தூங்கறேன்."

"தூங்கல" என்றாள் ஹில்டா.

"சைக்கிள் ஓட்டறீங்களா?"

"தினமும்."

"யாரோட?"

மார்னிக்ஸ் தன் முழங்காலைப் பார்த்தான். "சுவரோட" என்றாள் ஹில்டா. டாக்டரம்மா சிரிக்கவில்லை. இப்படியே போனால் இன்னொரு அடைப்பு வருவதற்கு நாள் எண்ண வேண்டியதுதான் என்று நேராகவே சொன்னாள்.

திரும்பி வரும்போது ஹில்டாதான் கார் ஓட்டினாள். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு என்ஜினை அணைத்தாள். ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. விற்பனைக்கு என்ற பலகை சாய்ந்து தொங்கியது. லீவனின் வீடு.

"எதுக்கு இங்க நிறுத்தற?"

"நாலு நாள், மார்னிக்ஸ்" என்றாள் அவள். "நாலு நாள் உள்ள கிடந்தான். தண்ணி மீட்டர் பாக்க வந்தவன் கண்டுபிடிச்சான். எனக்கு வேலைக்குப் போனா உன்னைப் பத்தின நினைப்புத்தான். கராஜ்லேருந்து சத்தம் நின்னா ஓடி வரேன். இப்படி எத்தனை நாள் ஓடறது, சொல்லு."

லீவன் மார்னிக்ஸோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பதினாறு வருடம் கூட்டத்தில் அவன் பக்கத்திலேயே சைக்கிள் ஓட்டியவன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு செப்டம்பர் ஞாயிறன்று பின்தங்கினான். கையைத் தூக்கி, தனக்கு வழி தெரியும் என்றான். அதற்கப்புறம் கிளப்புக்கு வரவில்லை. அடுத்த மே மாதம் அவன் மனைவி ரீட்டா புற்றுநோயில் போனாள். அவன் வீட்டுக்குள் போனவன் போனவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால், குளிர்காலத்தில், அந்த வீட்டுக்குள்ளேயே அவனுடைய இதயமும் நின்றது.

சவ அடக்கத்துக்குக் கிளப் முழுவதும் வந்தது. முப்பது பேர் ஜெர்சி போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் இரண்டு வரிசையாக, சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்கள். பார்க்க அழகாக இருந்தது. உயிரோடு இருந்தபோது அவன் வீட்டு மணியை அடித்தவர் அதில் ஒருவர்கூடக் கிடையாது. நடுவில் பெட்டியின் பின்னால் நடந்துபோன லீவனின் அக்கா லுட்கார்ட் அந்த வரிசையை இடமும் வலமும் ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வை மார்னிக்ஸுக்கு இன்றுவரை மறக்கவில்லை. அந்தச் செப்டம்பர் ஞாயிற்றைப் பற்றி அவன் யாரிடமும், ஹில்டாவிடம்கூட, பேசியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே லுட்கார்ட் கராஜ் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். அறுபத்து நான்கு வயது. முப்பத்தாறு வருடம் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவள். பழைய விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது. தம்பி போன பிறகு, முப்பதில் ஓட்ட முடியாதவர்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, ஞாயிறு காலையில் இன்னொரு கூட்டம் கிளப்பிக்கொண்டு போனாள். இடுப்பு மாற்றியவர், சர்க்கரை நோய்க்காரர், கணவனை இழந்த இரண்டு பெண்கள், இப்படி. நடுவில் நிறுத்திக் காபி குடித்தும் மத்தியான சூப்பை அடுப்பில் வைக்கச் சரியாக வந்துவிடுவார்கள் என்பதால் அதற்குச் சூப் கூட்டம் என்று பெயர். பெயர் வைத்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மார்னிக்ஸ் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"எவ்வளவு தூரம் வந்திருக்க?" என்று கேட்டாள்.

"இருபத்தாறு கிலோமீட்டர்."

"வழியில யாரையாவது பாத்தியா?"

அவன் மிதிப்பதை நிறுத்தினான்.

"நாளைக்கு எங்களோட வா" என்றாள் லுட்கார்ட்.

"சூப் கூட்டத்தோடயா?"

"நீ வெச்ச பேர்தானே. நல்ல பேர். எங்களுக்குப் பிடிச்சே போச்சு."

"உடம்பு தேறட்டும், லுட்கார்ட். தேறினதும் நான் பழைய கூட்டத்துக்கே போயிடுவேன்."

"போ, யார் வேண்டாம்னா. அதுவரைக்கும் எங்களுக்கு ஒரு மெக்கானிக் வேணும். போன வாரம் ஒரு பஞ்சர். கழட்டின டயரைத் திருப்பி மாட்டறதுக்குள்ள ஒரு மணி நேரம் ஆயிடுச்சு. வீட்ல எல்லாருக்கும் சூப் லேட்."

அது பொய். டிக்கெட் கிழிக்கிற நேரத்தில் லுட்கார்ட் டயரை மாட்டிவிடுவாள். கதவோரம் நின்றிருந்த ஹில்டாவுக்கு அது தெரியும், ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மார்னிக்ஸ் கிளப் ஜெர்சியைப் போடாமல், பழைய சாம்பல்நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேண்டாவெறுப்பாக வந்து சேர்ந்தான். ஸ்டேனின் கூட்டம் சதுக்கத்தைவிட்டுப் போகும்வரை சந்தில் காத்திருந்துவிட்டுத்தான் வந்தான். லுட்கார்ட் விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினாள். "பதினொண்ணு" என்றாள். விசில் ஊதினாள். கிளம்பினார்கள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் அப்படியே திரும்பி எண்ணினாள். நர்சரிப் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி எண்ணுகிறாளே என்று மார்னிக்ஸுக்கு எரிச்சலாக வந்தது. பழக்க தோஷத்தில் முன்னால் போய்விட்டான். இரண்டு கிலோமீட்டர் கழித்து விசில் கேட்டது. திரும்பினால் பின்னால் ஒருவரும் இல்லை, தூரத்தில் ஒரு வண்ணக் கும்பல் மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"யாரைத் துரத்தற?" என்றாள் லுட்கார்ட் வந்து சேர்ந்ததும். "இங்க முன்னால போற ஆளுக்கு வேலை காத்தை வாங்கறது. பின்னால இருக்கறவங்க மூச்சு காதுல விழற தூரத்துல போகணும். விழலன்னா நீ முன்னால போகல, தனியாப் போற."

மார்னிக்ஸ் முறைத்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தான். பக்கத்தில் காஸ்தோன் வந்து சேர்ந்தான். எழுபத்தொரு வயது, கறிக்கடை வைத்திருந்தவன். முதலில் காற்றைப் பற்றிப் பேசினான். பிறகு தன் புது இடுப்பைப் பற்றி. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், "பையன் என்கிட்டப் பேசி ரெண்டு வருஷம் ஆகுது" என்றான். மார்னிக்ஸ் திகைத்துப்போனான். இருபத்திரண்டு வருடம் ஒரே மதுக்கடையில் அவனோடு உட்கார்ந்திருக்கிறான், ஒருநாளும் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. பக்கத்தில் பக்கமாகச் சைக்கிளில் போகும்போது இரண்டு பேரும் சாலையைத்தான் பார்க்கிறார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதது அப்போது வாய்க்கு வந்துவிடுகிறது.

கொஞ்ச தூரம் போனதும் மார்னிக்ஸ் சொன்னான்: "எனக்குத் தூக்கம் வரதில்ல, காஸ்தோன். மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. நெஞ்சு நின்னுடுமோன்னு கையை வெச்சுப் பாத்துக்கிட்டே படுத்திருக்கேன்."

"போன் பண்ணு. நானும் முழிச்சுட்டுதான் இருப்பேன். ரெண்டு கிழவனும் பேசிக்கலாம்."

மார்னிக்ஸ் சிரித்தான். ஏப்ரலுக்குப் பிறகு அவன் சிரித்த முதல் சிரிப்பு. காலுக்குச் சூடு வந்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. பேச முடிந்தது. டாக்டரம்மா சொன்ன வேகம் இதுதான் போலிருக்கிறது என்று அப்போதுதான் பட்டது.

அந்த நிம்மதி அரைமணி நேரம் நீடித்தது. சர்க்கரை பீட்ரூட் அறுவடைக் காலம். டிராக்டர்கள் வயலிலிருந்து இழுத்துவந்த சேறு சாலையெங்கும் வழுக்கியது. மேட்டுச் சாலை தொடங்கும் இடத்தில் காற்று நேர் எதிரே திரும்பியது. பாதி மேட்டில் மார்னிக்ஸின் தொடை கல்லாகிவிட்டது. வாயைத் திறந்தும் மூச்சு போதவில்லை. எழுபத்தொரு வயதுக் காஸ்தோன் அவனைத் தாண்டிப் போனான். கணவனை இழந்த அந்த இரண்டு பெண்களும் தாண்டிப் போனார்கள். மார்னிக்ஸ் காலை ஊன்றி இறங்கினான். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கை தானாக மேலே போனது. வாயும் தானாகச் சொன்னது.

"நீங்க போங்க. எனக்கு வழி தெரியும்."

நீளமாக ஒரு விசில். பத்துப் பேரும் அங்கங்கே இறங்கினார்கள். இறங்கியது மட்டுமில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய மேட்டைத் திரும்ப இறங்கி வந்தார்கள்.

"போங்கன்னு சொன்னேன்ல" என்றான் மார்னிக்ஸ். கோபம்கூட மூச்சுவாங்கிக்கொண்டுதான் வந்தது.

"அந்த வார்த்தை எங்ககிட்டச் செல்லாது" என்றாள் லுட்கார்ட். "நீ இந்த ஊர்ல பொறந்தவன், உனக்கு வழி தெரியும்னு எங்களுக்கும் தெரியும். அதை யாரும் கேக்கல. நெஞ்சு வலிக்குதா? கை மரத்துப்போகுதா?"

"இல்ல. மூச்சுதான். காலு."

"அப்போ உக்காரு."

சாலையோரப் புல்லில் உட்கார்ந்தான். காஸ்தோன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். ஒருத்தி தன் மேல்சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டாள். யாரும் மணி பார்க்கவில்லை. மார்னிக்ஸ் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தான். அப்புறம் அழுதான். ஐம்பத்தொன்பது வயது மனிதன், சத்தமில்லாமல் அழத் தெரியாமல், தோள் குலுங்க அழுதான். மற்றவர்கள் பீட்ரூட் வயலில் ஏதோ அதிசயம் இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். லுட்கார்ட் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லீவன் அன்னிக்கு என்கிட்டப் பேசணும்னான்" என்றான் மார்னிக்ஸ்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"கிளம்பும்போதே சொன்னான். 'மார்னிக்ஸ், இன்னிக்குக் கொஞ்சம் மெதுவாப் போலாமா, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்'னான். நான், 'அப்புறமா, பீர் குடிக்கும்போது'ன்னேன். ஆத்தங்கரையில பின்தங்கினான். கையைத் தூக்கினான். நான் திரும்பி அவன் மூஞ்சியைப் பாத்தேன், லுட்கார்ட். ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. குனிஞ்சு மீட்டரைப் பாத்தேன். இருபத்தொன்பது புள்ளி எட்டு. இன்னும் கொஞ்சம் அழுத்தினா முப்பது. அழுத்தினேன்." கோப்பையைப் புல்லில் வைத்தான். "ரீட்டாவோட ரிப்போர்ட் அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் வந்திருக்கு. எனக்கு அது ஒரு மாசம் கழிச்சுத் தெரிஞ்சுது. அப்பவும் அவன் வீட்டுக்குப் போகல. என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறதுன்னு இருந்துட்டேன். ஆகஸ்ட்ல ஸ்டேன் என்னைத் திரும்பிப் பாத்தான் பாரு, அப்போதான் லீவன் எங்க நின்னான்னு எனக்குப் புரிஞ்சுது."

காற்று வயலின் மேல் வீசிக்கொண்டே இருந்தது. லுட்கார்ட் விசிலை விரலால் உருட்டினாள்.

"அன்னிக்கு மத்தியானம் அவன் என் வீட்டுக்குத்தான் வந்தான். கிளப்ல எப்படிப் போச்சுன்னு கேட்டேன். 'இன்னிக்கு நல்ல வேகம்'னான். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல."

மார்னிக்ஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"உன்னை மன்னிக்கறதா என்னன்னு எனக்குத் தெரியல" என்றாள் அவள். "இன்னிக்குத் தெரியல. ஒருவேளை எப்பவும் தெரியாது. நான்கூட அவன் வீட்டுக்கு ஒரு வாரம் போகல, அந்த வாரம்தான் அவன் நெஞ்சு நின்னுச்சு. அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது." அவள் எழுந்து பாவாடையைத் தட்டுகிற மாதிரி சைக்கிள் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "எழுந்திரு. காத்து எதிர்லதான் இருக்கு. என் பின்னால வா. ஒட்டி வா."

கிளம்பினார்கள். மேட்டின் மீதியைத் தள்ளிக்கொண்டுதான் கடந்தார்கள். அதற்கப்புறம் வீடுவரை லுட்கார்டின் அகலமான முதுகு அவனுக்குக் காற்றை மறைத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் திரும்பி விரலை நீட்டினாள். அந்த விரல் தன் பக்கம் வரும்போது மார்னிக்ஸ் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

வழக்கமான நேரத்தைவிட அன்று வெகுவாகப் பிந்திவிட்டது. மதுக்கடையில் ஸ்டேனின் கூட்டம் ஏற்கனவே வந்து இரண்டாவது பீரில் இருந்தது. சேறும் வியர்வையுமாக மார்னிக்ஸ் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, நம்ம பழைய கேப்டன்" என்றான் ஸ்டேன். கேலிதான், ஆனால் கெட்ட எண்ணமில்லாத கேலி. "சூப் கூட்டத்துல இன்னிக்குச் சராசரி எவ்வளவு?"

மேசைகளில் சிரிப்பு எழுந்தது. மார்னிக்ஸ் சிரிக்கவில்லை. சுவரில் தொங்கிய காகிதத்தின் அருகே போனான். எட்டு வருடத்தில் மஞ்சள் பூத்திருந்தது, தன்னுடைய கையெழுத்து. நான்கு மூலையிலும் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"பதினொரு பேர் கிளம்பினோம். பதினொரு பேர் வந்திருக்கோம்" என்றான். "இன்னிக்கு எங்க கணக்கு அவ்வளவுதான்."

"கோவிச்சுக்காதீங்க, மார்னிக்ஸ். ஆகஸ்ட்ல நான்..."

"உன் மேல ஒண்ணுமில்ல, ஸ்டேன். நான் எழுதிவெச்சதை நீ படிச்ச. எழுதினது தப்பு. வேகம் வேணும்னா கராஜ்ல தனியாவே ஓட்டிக்கலாம், நான் ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்துட்டேன், நெஞ்சும் தேறல, மனசும் தேறல. கூட்டமாப் போறது எதுக்குன்னா, ஒருத்தன் பின்னால நின்னுட்டா அது இன்னொருத்தன் கண்ணுல படறதுக்கு. எனக்கு வழி தெரியும்னு ஒருத்தன் சொன்னா, அவனுக்குத் துணை வேணும்னு அர்த்தம். அது லீவன் விஷயத்துல எனக்குத் தெரியாமப் போச்சு. உனக்காவது தெரியட்டும்."

லீவன் என்ற பெயரை அந்தச் சுவர்களுக்குள் மூன்று வருடமாக யாரும் உச்சரித்ததில்லை.

"நீங்க இன்னிக்கு எத்தனை பேர் கிளம்பினீங்க?" என்று வாசலில் நின்றபடி லுட்கார்ட் கேட்டாள். ரயிலில் டிக்கெட் கேட்கிற அதே குரல்.

"பதினஞ்சு" என்றான் ஸ்டேன். சொல்லிவிட்டு மேசைகளைச் சுற்றிப் பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன. ஒரு முறை எண்ணினான். மறுபடி எண்ணினான். "யோரிஸ் எங்க?" என்றான்.

"பாலத்துக்கிட்டப் பின்தங்கினான்" என்றான் மூலையிலிருந்த ஒருவன். "போகச் சொன்னான். வழி தெரியும்னான்."

"எப்போ?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

யோரிஸுக்கு இருபத்தொன்பது வயது. நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. போன மாதம் மனைவி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி அவனிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் தெரியும். ஸ்டேன் பீர் கோப்பையைக் கீழே வைத்தான். போனை எடுத்தான், அழைத்தான், காதில் வைத்துக்கொண்டு நின்றான். எடுக்கவில்லை.

அவன் ஹெல்மெட்டைத் தேடும்போது மார்னிக்ஸ் தன்னுடையதை ஏற்கனவே மாட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க வேண்டாம், மார்னிக்ஸ். உங்களால வேகமா வர முடியாது."

"முடியாது. மெதுவா வரேன். நீ முன்னால போ, ஆனா நான் உன் கண்ணுல படற தூரத்துல போ" என்றான் மார்னிக்ஸ்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. கல்தரையில் டக்டக்கென்று காலணிகள் இறங்கின. வாசலில் லுட்கார்ட் விரலை நீட்டி, வெளியே வருகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினாள்.